பை எடுத்தாச்சு

மேற்கு மாவட்டங்களில் நாற்பது வயது தாண்டிய பெண்களுக்குச் சினைப்பைப் புற்று பாதியாகக் குறைந்துவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தை மேடையில் எப்படிச் சொல்வது என்று கிருத்திகா காலையிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நிதானமாகச் சொல்லலாம். லேசாகச் சிரித்தபடி சொல்லலாம். சொல்லி முடித்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் கைதட்டுபவர்களுக்கும் வசதியாக இருக்கும்.

திங்கட்கிழமை மாநாடு. வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். திரையில் அவள் காட்டப்போவது ஒரே ஒரு படம்தான். அதில் இரண்டு கோடுகள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண்களின் கோடு வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனது. நாற்பது தாண்டியவர்களின் கோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. காரணங்களையும் அழகாக எழுதி வைத்திருந்தாள். மூத்தவர்கள் பிள்ளை பெற்றார்கள், பால் கொடுத்தார்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டார்கள். சினைப்பைக்கு இதெல்லாம் நல்லது. இளையவர்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள், பிள்ளையைத் தள்ளிப்போடுகிறார்கள், சிலர் வேண்டாம் என்றே இருந்துவிடுகிறார்கள். இந்தக் கடைசி வகையில் கிருத்திகாவும் சேர்த்தி. வயது நாற்பத்து மூன்று, மூத்தவர்களின் கோட்டில் வருபவள்தான்; கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரையில் தன்னைப் பற்றி யாரும் எழுதிக்கொள்வதில்லை.

முன்பெல்லாம் இந்த நோய் வருவதே தெரியாது. தெரியும்போது வயிறு முழுக்கப் பரவியிருக்கும். பிறகு ஸ்ட்ரிப் வந்தது. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விட்டால் போதும், புற்று முளைவிடும் முன்பே நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதில் தடவும் மருந்தைத் தயாரிப்பது லேசான காரியமில்லை. எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கும் அளவுக்கு அது எங்கேயும் கிடைக்காது. ஆகவே யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்கு மட்டும் கொடுப்பது என்று முடிவானது. அது யார் யார் என்று கண்டுபிடிக்க ஒரு குரலைச் செய்தார்கள்.

அந்தக் குரலுக்குக் கிருத்திகா வேலை பார்க்கும் ஆய்வு மையம் வைத்த பெயர் நலவிளி. பெண்கள் வைத்த பெயர் கேள்விக்காரி. இருபத்தைந்து வயது தாண்டிய ஒவ்வொரு பெண்ணையும் அவள் வருடம் ஒருமுறை போனில் கூப்பிடுவாள். பெயர் சொல்லி, வணக்கம் சொல்லி, கூசாமல் கேட்பாள். எத்தனை முறை கர்ப்பம், எத்தனை பிரசவம், கலைந்தது உண்டா, கலைத்தது உண்டா, எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள், கருத்தடை மாத்திரை போட்டீர்களா, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்ததா? எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, தேவையென்றால் ஸ்ட்ரிப்பை வீட்டுக்கே அனுப்பிவிடுவாள். பதில் சொல்லாமல் போனை வைத்தால் விடமாட்டாள். மறுபடி கூப்பிடுவாள், மறுநாளும் கூப்பிடுவாள். அந்தப் பிடிவாதத்தை அவளுக்குள் வைத்தவள் கிருத்திகாதான். கேள்விக்காரியைப் பேசவைத்த குழுவுக்கு அவள்தான் தலைவி.

மேடைக்கு எந்தப் புடவை என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது அறிமுகமில்லாத ஓர் எண்ணிலிருந்து போன் வந்தது.

“மேடம், நான் சபீனா பேசறேங்க. கோபிப் பக்கத்துல சர்ஜனா இருக்கேன். உங்க கேள்விக்காரி மேல ஒரு புகார் சொல்லோணும்.”

“சொல்லுங்க டாக்டர்.”

“சினைப்பையே இல்லைன்னு அவ பதிஞ்சு வச்சிருக்கற அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தா, ரெண்டும் அங்கயேதாங்க இருக்குது. ஒண்ணு தேங்காய் கணக்கா வீங்கி இருக்குது.”

கிருத்திகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஏதாவது ஒண்ணு ரெண்டு இப்படித் தப்பாப் பதிவாகறது உண்டுதான்.”

“ஒண்ணு ரெண்டு இல்லைங்க மேடம். எனக்கு எண்ணிக்கையே விட்டுப்போச்சு. நான் சினைப்பைப் புற்றுன்னு போட்டா உங்க சிஸ்டம் ஏத்துக்கறதே இல்லை. பையே இல்லாதவங்களுக்குப் பையில எப்படிப் புற்று வரும்னு என்னையே திருப்பிக் கேக்குது. அப்புறம் அதுவே ‘வயிற்றுப் புற்று, தோன்றிய இடம் தெரியவில்லை’ன்னு மாத்திப் போட்டுக்குது. நானும் ஆபரேஷனுக்கு நேரமாச்சேன்னு விட்டுட்டு இருந்தேன். என் மேலயும் தப்பு இருக்குதுங்க.”

பேசிக்கொண்டே கிருத்திகா அந்தத் தலைப்பைத் திறந்து பார்த்தாள். தோன்றிய இடம் தெரியாத வயிற்றுப் புற்று, மேற்கு மாவட்டங்கள், நாற்பது வயதுக்கு மேல். அவளுடைய கோடு எவ்வளவு இறங்கியிருந்ததோ அவ்வளவும் இங்கே ஏறியிருந்தது. நோய் எங்கேயும் போய்விடவில்லை. பக்கத்து அறையில் போய் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அந்தக் கதவை அவள் ஒருமுறைகூடத் தள்ளிப் பார்க்கவில்லை.

“இப்ப வந்திருக்கற பேஷண்ட் ஆவாரங்காட்டூருங்க” என்றாள் சபீனா. “பேப்பர்ல உங்க ஊரும் அதுதான்னு படிச்ச ஞாபகம். அதான் நேரா உங்களையே கூப்பிட்டேன். பேரு மேகலா, ஊட்டுக்காரர் மோகன்ராஜ். தெரிஞ்சவங்களா?”

மேகலா அவளுடைய அண்ணன் மனைவி.

அவள் மதியமே கோவை ரயிலில் ஏறிவிட்டாள். ஜன்னல் ஓரம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. தப்பு எங்கே நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் கேள்விக்காரியின் முதல் கேள்வி வேறு மாதிரி இருந்தது. ‘உங்கள் சினைப்பைகள் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டுள்ளனவா?’ அகற்றியாகிவிட்டது என்றால் ஆபத்து இல்லை. நன்றி சொல்லி அவளே போனை வைத்துவிடுவாள். புத்தகத்தில் சரியான கேள்வி. ஆனால் மேற்கு மாவட்டங்களில் அந்த வார்த்தையைக் கேட்டதுமே பெண்கள் கொதித்துப்போனார்கள். அந்தப் பக்கத்தில் சினை என்றால் மாட்டுக்கு. ஆட்டுக்கும் சொல்வார்கள். பெண்பிள்ளையைப் பார்த்துச் சொன்னால் அது வசவு. ‘என்னையென்ன செனை மாடுன்னு நெனச்சயா?’ என்று கேட்டுவிட்டு ஒருத்தி போனைக் கிணற்றில் போட்டதாகக்கூட அலுவலகத்தில் ஒரு கதை உலவியது. கிருத்திகாவும் அந்த மண்ணில் வளர்ந்தவள்தான். கூட்டத்தில் ஆண்கள் நிறைந்த மேஜையைச் சுற்றி அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. ‘சினைப்பைன்னு வேணாம் சார், சும்மா பைன்னு வச்சுக்கலாம்’ என்றாள். ‘கர்ப்பப்பையும் பைதானே, குழப்பம் வராதா?’ என்று இயக்குநர் அருளானந்தம் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கர்ப்பப்பை, சினைப்பை, எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள் என்று விளக்க வேண்டும். ‘வராது சார், பெண்களுக்குப் புரியும்’ என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

கேள்வி சுருங்கியது: ‘உங்களுக்குப் பை எடுத்திருக்கிறார்களா?’ பதில்கள் குவிந்தன. அவளுக்குப் பதவி உயர்வும் வந்தது.

ஈரோட்டை நெருங்கும்போது இயக்குநரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பையை விட்டுவைத்த பெண்களும் ‘பை எடுத்தாச்சு’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்; அவர்களை எல்லாம் நாம் ஆபத்து இல்லாதவர்கள் என்று தள்ளிவிட்டோம் என்றாள்.

அருளானந்தம் உடனே வழி சொன்னார். “கேள்வியைத் திருத்திடலாம். அடுத்த வருஷம் எல்லாரையும் திரும்பக் கூப்பிடலாம். திங்கட்கிழமை மட்டும் அந்தப் படம் அப்படியே இருக்கட்டும்மா. வர்றவங்க வந்துட்டுப் போகட்டும்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். “சரி சார்” என்றாள். சொன்ன பிறகு வேறு யாரோ பேசியதைக் கேட்டதுபோல் இருந்தது.

மறுநாள் காலையில் பெண்கள் வார்டுக்குள் நுழைந்தாள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் மேகலா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வயிறு மட்டும் மாசமானவளைப் போல முன்னே நின்றது. கிருத்திகாவைப் பார்த்ததும் சேலையால் அதை மூடிக்கொண்டாள்.

“வா அம்மிணி. வேலையெல்லாம் விட்டுப்போட்டு எதுக்கு ஓடியாந்தே? உங்கண்ணன் இப்பத்தான் டீ வாங்கப் போனாரு.”

அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். “எத்தனை நாளா நங்கை இப்படி?” என்று கேட்டாள் கிருத்திகா.

“ஆவணியிலிருந்தே உப்புசம்தான். கேஸ் மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தேன். அப்புறம் ரவிக்கை, பாவாடை எதுவும் சேரலை. பக்கத்து ஊட்டுக்காரி, என்ன மேகலா இந்த வயசுல உண்டாயிட்டயான்னு கேட்டா.” சிரிக்கப் பார்த்தாள். “ஒரு வாரம் நானும் அப்பிடித்தான் நெனச்சேன் அம்மிணி. யாருகிட்டயும் சொல்லலை. உங்கண்ணன்கிட்டக் கூடச் சொல்லலை.”

இருபது வருடமாகப் புகுந்த வீட்டில் பிள்ளை இல்லை என்ற பேச்சை வாங்கிக்கொண்டவள் மேகலா. கிருத்திகா பேச்சை மாற்றித் தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டு வைத்தாள்.

“பை எடுத்தது எப்ப நங்கை? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே.”

“எந்தப் பை?”

“ஆபரேஷன் பண்ணி எடுத்தது. கர்ப்பப்பை.”

மேகலா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “எனக்கு எங்க எடுத்தாங்க? எல்லாம் எங்கிட்டயேதான் இருக்குது. சும்மா கெடக்குது.”

“அப்புறம் ஏன் கேள்விக்காரிகிட்ட எடுத்தாச்சுன்னு சொன்னீங்க?”

“எல்லாரும் அப்பிடித்தான சொல்றோம்.”

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். ஊரில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்கும் ஒரு குறுக்குப் பாதையைச் சொல்வதுபோல.

“எல்லாரும்னா?”

“நம்மூரு, பக்கத்தூரு, எங்கம்மா ஊரு, எல்லாப் பக்கமும்தான். பை எடுத்தாச்சுன்னு சொன்னா நன்றி வணக்கம்னு வெச்சுப்போடுவா. அப்புறம் வருசக்கணக்கா தொந்தரவே இல்லை. சின்னப் புள்ளைங்க சொல்றதில்லை. அதுங்க காதுல மாட்டிக்கிட்டு ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டு எல்லாத்துக்கும் பதில் சொல்லுதுங்க. எங்களுக்கு ஏது ரூமு, ஏது கதவு? மொத வருசம் நான் ஒழுங்காத்தான் பதில் சொன்னேன். களத்துல மஞ்சக் காயப் போட்டுக்கிட்டு இருந்தோம். கையெல்லாம் மஞ்சளு, அதனால ஸ்பீக்கர்ல போட்டேன். எத்தனை முறை கர்ப்பமடைந்திருக்கிறீர்கள்னு களத்துக்கே கேக்கற மாதிரி கேட்டா. இல்லைன்னேன். ஒரு முறைகூட இல்லையா, உறுதியாகச் சொல்லுங்கள்னா. உறுதியாச் சொன்னேன். உங்க ருக்குமணி அத்தை அக்கட்டால திரும்பிக்கிட்டாங்க. அதோட விட்டாளா? எத்தனை மாதம் தாய்ப்பால் கொடுத்தீர்கள்ன்னு அதுக்கப்புறமும் கேக்கறா பாரு.”

பிள்ளை இல்லை என்றால் பால் கேள்வியைத் தாண்டிப்போகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கிருத்திகாவின் குழு அதைக் கவனிக்கவில்லை. யாரும் புகார் சொல்லவும் இல்லை. இதையெல்லாம் யார் வந்து புகாராகச் சொல்வார்கள்?

அவள் திரையில் காட்டவிருந்த படம் இப்போது அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தது. இளையவர்களின் கோடு ஏறியதற்கு அவர்கள் கூசாமல் பதில் சொன்னது பெரிய காரணம்; ஸ்ட்ரிப் போனது, நோய் பிடிபட்டது. மூத்தவர்களின் கோடு இறங்கியதற்குப் பிள்ளைப்பேறும் இல்லை, தாய்ப்பாலும் இல்லை. அது நோயின் கோடே அல்ல, கூச்சத்தின் கோடு. இன்னொன்றும் உறைத்தது. பிள்ளை இல்லாதவள், கலைத்தவள், மறைத்து மாத்திரை போட்டவள், இவர்களில் யாருக்கு ஆபத்து எப்படி என்று தெரியத்தான் கேள்விகளே இருந்தன. அந்தக் கேள்விகளுக்கு ஊர் நடுவில் பதில் சொல்ல முடியாதவர்களும் அவர்களேதான். ஸ்ட்ரிப் யாருக்கு அவசியமாகத் தேவையோ அவர்களே முதலில் தப்பி ஓடியிருக்கிறார்கள்.

“இப்படிச் சொன்னா வெச்சுடுவான்னு யாரு நங்கை சொல்லிக்கொடுத்தது?”

மேகலா போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டாள். “அது எதுக்கு இப்ப?”

“தெரியணும். சொல்லுங்க.”

“நீதான் அம்மிணி.”

“நானா?”

“சத்தியமங்கலத்துக்குக் கல்யாணத்துக்குப் போனமே, உன்ற கார்ல. நீதான் ஓட்டுனே. முன்னால மாமா. பின்னால நானு, ருக்குமணி அத்தை, அவிய ஊட்டுக்காரரு. கேள்விக்காரி உன்ற போனுக்குக் கூப்பிட்டா. கார் பூராவும் அவ சத்தம். பை எடுத்திருக்கிறார்களான்னு கேட்டா. நீ சிரிச்சுக்கிட்டே, ஆமா எடுத்தாச்சு எடுத்தாச்சுன்னே. நன்றி வணக்கம்னு வெச்சுட்டா. கல்யாண ஊட்டுல ருக்குமணி அத்தை பந்தி பந்தியா இதைத்தான் சொன்னாங்க. அந்த மெஷினைச் செஞ்சவளே அப்பிடித்தான் சொல்றா, சொன்னா ஒண்ணும் தப்பில்லைன்னு.” மேகலா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். “உன்னையக் குத்தம் சொல்லலை. நாங்களும் சொல்லியிருக்கக் கூடாதுதான்.”

கிருத்திகாவுக்கு அது மறந்தே போயிருந்தது. இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. அப்பா சட்டென்று வெளியே கரும்புக் காட்டைப் பார்க்கத் தொடங்கியது, பின்னால் வளையல் சத்தம். முதல் கேள்விக்குப் பின்னால் என்னென்ன கேள்விகள் வரும் என்று அந்தக் காரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவை வருவதற்குள் கேள்விக்காரியின் வாயை அடைத்தாக வேண்டும் என்று, மனதில் பட்டதை உடனே சொல்லிவிட்டாள். பத்து நிமிடத்தில் மறந்தும்விட்டாள். செய்ததைவிட மறந்ததுதான் அவளை அதிகம் கூசவைத்தது. இவர்களுக்கு உயிரையே கொண்டுபோகும் விஷயம், அவளுக்கு நினைவிலிருந்து எடுத்தெறியும் அளவுக்குச் சின்னதாக இருந்திருக்கிறது.

சபீனா வார்டுக்கு வந்தபோது கிருத்திகா அவளைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டாள்.

“பரவியிருக்குதுங்க மேடம். தண்ணி கோத்திருக்கு. நாளைக்குத் திறந்து எடுக்க முடிஞ்ச வரைக்கும் எடுத்துட்டு, கீமோ ஊசி போடலாம். உறுதியா ஒண்ணும் சொல்றதுக்கில்லை.” அவள் தயங்கினாள். “ரெண்டு வருசம் முன்னால ஒரு ஸ்ட்ரிப் போயிருந்தா, இது சின்ன ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும்.”

கிருத்திகா வராந்தாவில் நின்று இயக்குநரைக் கூப்பிட்டாள்.

“படத்தைக் காட்டாதீங்க சார். நான் பேசப் போறதில்ல.”

“அதான் கேள்வியைத் திருத்திடலாம்னு சொன்னேனே.”

“தப்பு கேள்வியில மட்டும் இல்ல சார். பதில் சொல்றவங்க கூச்சத்துல இருக்கு. எப்படித் திருத்திக் கேட்டாலும் அவங்க இதையேதான் சொல்வாங்க. ஆபரேஷன் எதுவும் ஆகாதவங்ககூட எடுத்தாச்சுன்னு சொல்றாங்க.”

“அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

நான்தான் ஆரம்பித்து வைத்தேன் என்று சொல்லும் இடம் அது. “விசாரிச்சேன் சார்” என்றாள். போனை வைத்த பிறகு வராந்தாச் சுவரில் இருந்த சுகாதாரப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் இருந்த பெண்கள் எல்லோரும் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிவாக்கில் ஊரிலிருந்து வேன் வந்தது. ஆரஞ்சு, பிரெட், ஹார்லிக்ஸ் என்று பைகளோடு சொந்தக்காரப் பெண்கள் இறங்கி வார்டுக்குள் வந்தார்கள். முன்னால் ருக்குமணி அத்தை; கிருத்திகாவின் அப்பாவுக்குத் தங்கை. கடைசியாக அப்பா மயில்சாமி. மகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவளைப் பற்றிப் பேப்பரில் வந்ததை இன்னும் சட்டைப்பையில் வைத்திருப்பவர் அவர்.

“நீ வந்துட்டயில்ல கண்ணு, இனி கவலையில்லை” என்றார். பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பி, “எம் புள்ளைதானுங்க. போன்ல கேள்வி கேக்கறது, அதைச் செஞ்சதே இவதானுங்க” என்று சொல்லவும் செய்தார். கிருத்திகாவுக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அண்ணன் மோகன்ராஜ் டீயோடு வந்தான். அப்பா ஸ்டூலில் உட்கார, மற்றவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கிருத்திகா பேசத் தொடங்கினாள். பை எடுத்தாச்சு என்று பொய் சொன்னவர்கள் எல்லோரும் கேள்விக்காரியைத் திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும், இன்றைக்கே சொல்ல வேண்டும், நங்கைக்கு வந்தது உங்களில் யாருக்கும் வரலாம் என்றாள். அவர்கள் கவனமாகக் கேட்டார்கள். தலையாட்டினார்கள்.

“சொல்லிப்போடலாம் கண்ணு, அதுக்கென்ன” என்றாள் ருக்குமணி அத்தை. “ஊட்டுக்குப் போயி நெதானமாச் சொல்லிக்கறோம்.” சொல்லிவிட்டு அவள் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் அவள் பின்னால் இருந்த ஆண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

சொல்லமாட்டார்கள். அது அவளுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் வாயில் இருந்த பொய் அவளுடையதுதானே. பொய் சொல்லலாம் என்று அவர்கள் அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். மெஷினைச் செய்தவளே சொன்னாள் என்பதுதான் அவர்களுக்கு அத்தாட்சி. இனி எந்த அறிவிப்பு போட்டாலும், எந்த மேடையில் பேசினாலும், அந்தக் கார்ச் சவாரியை அழிக்க முடியாது.

கிருத்திகா போனை எடுத்தாள். கேள்விக்காரியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேகலாவின் கட்டிலில் வைத்தாள்.

மயில்சாமிக்குப் புரிந்துவிட்டது. பொம்பளைப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவது அவர் வழக்கம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மோகன்ராஜும் டம்ளரோடு நகர்ந்தான்.

“இருங்க மாமா” என்றாள் மேகலா.

மாமனாரிடம் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“உக்காருங்க. நீங்கெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் போயித்தான் நாங்க பொய் சொல்லிப் பழகிக்கிட்டோம்.”

அவர் நின்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

“வணக்கம், கிருத்திகா” என்றாள் கேள்விக்காரி, அவளுக்கே உரிய மரியாதையோடு. “உங்களுக்குப் பை எடுத்தாகிவிட்டது என்று முன்பு சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பதிலை மாற்ற விரும்புகிறீர்களா?”

“ஆமா.”

“பை எடுத்திருக்கிறார்களா?”

“இல்ல. எடுக்கல. அன்னிக்குச் சொன்னது பொய்.”

வார்டில் யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். கேள்விக்காரி தொடர்ந்தாள். வயதுக்கு வந்தது எப்போது? பதிமூன்று. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? இப்போது இல்லை. அம்மாவுக்கு இந்த நோய் உண்டா? இல்லை. ருக்குமணி அத்தையின் கையில் ஆரஞ்சு பாதி உரித்தபடி நின்றுவிட்டது.

“கருத்தடை மாத்திரை எடுத்ததுண்டா?”

“உண்டு. கொஞ்ச நாள்.”

கல்யாணமாகாதவள் சொன்ன பதில். சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டார்கள். மயில்சாமி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நன்றி. இதுவரை எத்தனை முறை கர்ப்பமடைந்திருக்கிறீர்கள்?”

கிருத்திகாவின் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை.

“மன்னிக்கவும். பதில் சரியாகக் கேட்கவில்லை. சற்று உரக்கச் சொல்லுங்கள்.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவரைப் பார்க்க முடிந்தது. அண்ணனைப் பார்த்தாள். இருபது வருடமாக ஒரு பிள்ளைக்குக் காத்திருந்து, அந்த வயிற்றோடு கட்டிலில் சாய்ந்திருந்த மேகலாவைத்தான் பார்க்க முடியவில்லை.

“ஒரு தடவை” என்றாள் கிருத்திகா, வார்டு முழுக்கக் கேட்கும்படி. “கலைச்சுட்டேன்.”